செல்லதுரையின் கால்மாட்டில் ஓர் என்சைம்

தேவயானிக்கு அன்றைக்கு வேண்டியிருந்ததெல்லாம் கொஞ்சம் குளிர்ச்சி. சித்திரை வெயிலில், பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, அது லேசில் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை.

மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் எழும்பி நிற்கிற ஒரு தனியார் கல்லூரியில் அவள் ஆராய்ச்சி மாணவி. சொந்த ஊர் குரும்பலூர். சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம். மகள் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்கள். என்ன டாக்டர் என்று யாராவது துருவினால் வெங்காய விலைக்குப் பேச்சைத் திருப்பிவிடுவார்கள். கண்ணாடி விரியனின் விஷத்திலிருந்து ஒரே ஒரு என்சைமை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, அது உடம்பிலுள்ள செல்களை எப்படிக் கொல்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அதை வெங்காய மண்டியில் போய் எப்படிச் சொல்வது?

விஷம் பொடியாகத்தான் வரும். அனுமதிக்கு அலைந்து, ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, கடைசியில் ஒரு சிட்டிகை வந்து சேர்ந்திருந்தது. பார்க்கப் பெருங்காயப் பொடி மாதிரி இருந்தது. அதைக் கரைத்து, வெள்ளை மணிகள் நிரப்பிய ஒரு முழ உயரக் கண்ணாடிக் குழாயின் தலையில் ஊற்ற வேண்டும். மேலிருந்து உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால், விஷத்தில் கலந்து கிடக்கிற சரக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்று கீழே வரும். தேவயானியின் என்சைம் மஞ்சள் நிறம். குழாய்க்குள் மஞ்சள் பட்டையாக மெல்ல இறங்கும். அடியில் ட்யூபை மாற்றி மாற்றி வைத்துச் சொட்டுகளைப் பிடிக்க வேண்டும். வெக்கை பட்டால் அது கெட்டுவிடும். ஐஸாக உறைந்தாலும் கெட்டுவிடும். மாமியார் வீட்டுக்கு முதல்முறை வந்த மாப்பிள்ளை மாதிரி, எல்லாம் பதமாக இருக்க வேண்டும் அதற்கு.

காலையில் குளிரறையில் குழாயை நிறுத்தி, விஷத்தை ஊற்றி, முதல் சில ட்யூபுகளைப் பிடித்து முடித்திருந்தாள். அப்போதுதான் லைனில் ஹைவோல்டேஜ் வந்தது. 'டப்'பென்று ஒரு சத்தம். குளிரறை கம்ப்ரஸர் புகைந்தது. துறையின் இரண்டு ஃபிரிட்ஜும் கூடவே படுத்துவிட்டன.

குழாயின் அடியை அடைத்து ஓட்டத்தை நிறுத்தினாள். ஆனால் அறை சூடாகிக்கொண்டே போனது. கேன்டீன் ஃபிரிட்ஜில் இடம் கேட்டாள். கேன்டீன்காரர் என்ன பொருள் என்று கேட்டார். சொன்னாள். அவர் ஃபிரிட்ஜைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டார். அவளுடைய கைடு வேணுகோபால் சார் டெல்லியில் ஒரு கருத்தரங்கில் இருந்தார். "ஏதாவது பண்ணும்மா, நான் மேடையில இருக்கேன்" என்று போனில் கிசுகிசுத்துவிட்டு வைத்துவிட்டார்.

கல்லூரி வாசலுக்கு எதிர்ச் சுவரில் நீல எழுத்தில் எழுதியிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது: 'குளிர்சாதனப் பெட்டி வாடகைக்கு. எந்த நேரமும் அழைக்கவும். மாயவன், அரியலூர்.'

கூப்பிட்டாள்.

"மாயவன் பேசுறேன். தவறுனது யாருங்க?" குரல் அவ்வளவு இதமாக இருந்தது.

"யாரும் தவறலண்ணே. பெட்டி மட்டும் வேணும்."

"இன்னும் இழுத்துக்கிட்டுதான் இருக்காங்களா? அவசரப்படாதீங்கம்மா. சில பேரு எந்திரிச்சி உக்காந்து காப்பி கேப்பாங்க."

"அதெல்லாம் இல்லண்ணே. ஒண்ணு குளிர்ச்சியா இருக்கணும். ஆனா ஐஸ் புடிக்கக் கூடாது."

"நம்ம பெட்டி அப்படித்தாம்மா ஓடும். ஐஸ் புடிச்சா மொகம் கறுத்துரும்ல. ஒயரம் எவ்ளோ?"

"ஒரு முழம் இருக்கும்."

"பச்சப் புள்ளையாம்மா?" என்றார் மாயவன். அவள் வாயைத் திறப்பதற்குள், "இதோ கெளம்பிட்டேன். மனசத் தேத்திக்க தங்கச்சி" என்று வைத்துவிட்டார்.

சொன்னபடி வந்தும் விட்டார். வேனில் பெட்டி, ஜெனரேட்டர், சின்னதாக ஒரு ரோஜா மாலை. கண்ணாடிக் குழாயைப் பார்த்ததும் மாலையும் கையுமாக அப்படியே நின்றார். தேவயானி நடந்ததைச் சொன்னாள். பாம்பு விஷம் என்றதும் ஓரடி பின்னால் போனார். குளிர்ச்சி போனால் கெட்டுப்போகும் என்றதும் மறுபடியும் ஓரடி முன்னால் வந்தார். கெட்டுப்போகிற பொருளைக் காப்பாற்றுவதுதானே அவர் தொழில்.

"மாலையத் திருப்பி எடுத்துக்க மாட்டான்மா பூக்கடைக்காரன்" என்று சொல்லி அதைப் பெட்டியின் மூலையில் மாட்டினார்.

பெட்டி அவர் சொல்லி, மற்றதைவிட உயரமாகச் செய்ததாம். மேலே கண்ணாடி மூடி. தலைமாட்டில் வாய்க்கரிசி போட ஒரு சின்னக் கதவு, கால்மாட்டில் காலைத் தொட்டுக் கும்பிட ஒரு சின்னக் கதவு. தேவயானி குழாயைத் தாங்கியோடு உள்ளே நிறுத்தினாள். மூடி தட்டவில்லை. அடியிலிருந்த அடைப்பை எடுத்ததும் மறுபடியும் சொட்ட ஆரம்பித்தது. கால்மாட்டுக் கதவு வழியாகக் கையை விட்டால் ட்யூப் மாற்றலாம். கல்லூரிக் குளிரறையைவிட வசதியாகவே இருந்தது. துடைப்பத்தோடு அந்தப் பக்கம் வந்த பாப்பாத்தி அக்கா பெட்டியைப் பார்த்த உடனே மார்பில் கைவைத்து அழ ஆரம்பித்தார். ஆள் இல்லை, குழாய்தான் என்று சொன்ன பிறகும் நிற்கவில்லை. "பெட்டியப் பாத்ததும் வந்துருச்சு பாப்பா. வந்தத நிறுத்த முடியுமா?" என்றார்.

மஞ்சள் பட்டை கால்வாசி இறங்கியிருக்கும். மாயவனின் போன் அடித்தது. கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"தா.பழூர்ப் பக்கம் ஒரு சாவும்மா. செல்லதுரைன்னு, முன்னாடி உரக்கடை வச்சிருந்தவரு. மாரடைப்பு. மூத்த மவன் சிங்கப்பூர்லேருந்து வரணுமாம். என்கிட்ட மத்த பெட்டியெல்லாம் வெளிய போயிருக்கு. இது ஒண்ணுதான்."

"அண்ணே, இப்ப எடுத்தா ஒரு வருஷம் போயிரும்ணே."

"அங்க ஒரு மனுசன் வெயில்ல கெடக்காரும்மா."

மாயவன் பெட்டியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். "வண்டியில ஜெனரேட்டர் ஓடுது. நீயும் ஏறு. போற வழியிலயே உன் சரக்கு எறங்கி வந்துச்சுன்னா சரி. வரலேன்னா அங்க போயிப் பாத்துக்கலாம்" என்றார்.

இப்படித்தான் தேவயானி அமரர் ஊர்தியின் பின்பக்கம், கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, ஓர் என்சைமுக்குத் துணையாக அரியலூர் ரோட்டில் போனாள். சிமென்ட் லாரிகள் பதம் பார்த்த ரோடு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் தாங்கியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். ஜெயங்கொண்டத்தில் வண்டி நின்றபோது ஒரு பெரியவர் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். பைக்கில் வந்த ஒருவன் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டான். பஸ்ஸிலிருந்து ஒரு அம்மா அவளைப் பார்த்து உச்சுக்கொட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாலை போட்ட பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிற பெண் வேறு எப்படித் தெரிவாள்? அவளுக்கே கொஞ்சம் துக்கமாக வந்தது.

சாவு வீட்டில் வேன் நுழைந்ததும் வெடி போட்டார்கள். மோளம் உச்சத்துக்குப் போனது. நான்கு பேர் ஓடிவந்து பெட்டியை இறக்கிப் பந்தலில் வைத்தார்கள். அதிலொருவன் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினான்:

"ஏய், பெட்டியில ஏற்கனவே என்னமோ ஏறி உக்காந்திருக்குடா!"

இறந்தவரின் இளைய மகன் சரத்குமார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "என்ன மாயவண்ணே இது?"

மாயவன் தேவயானியைப் பார்த்தார். பொய் சொல்ல அவளுக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. "பாம்பு வெஷம்ங்க. கண்ணாடி விரியன்" என்றாள்.

பந்தல் மொத்தமும் பின்வாங்கியது. மோளம் நின்றுவிட்டது. தொடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது, பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும், இப்போது வெளியே எடுத்தால் வீணாகிவிடும் என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள்.

"எங்கப்பாவ வெஷத்தோட படுக்க வைக்கச் சொல்றீங்களா?" சரத்குமார் குரல் ஏறியது.

"செத்தவர வெஷம் என்னடா பண்ணும்?" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். ஆனாலும் சண்டை நிற்கவில்லை. பாம்பு விஷத்தோடு வைத்தால் சுடுகாடு சேருகிற வரைக்கும் நாகதோஷம் தொடருமா, பங்காளிகளுக்கு மட்டும் பிடிக்குமா, மாமன் மச்சான்களையும் சேர்த்தா என்று பந்தலின் ஒரு மூலையில் தனி வழக்கு ஆரம்பித்தது.

அப்போது உள்ளேயிருந்து செல்லதுரையின் மனைவி சம்பூர்ணம் வந்தார். அதுவரைக்கும் அந்த அம்மா அழவே இல்லை என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். நேராகப் பெட்டியிடம் வந்து, கண்ணாடிக் குழாயை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் மகனைப் பார்த்தார்.

"உங்கப்பா குட்டை. கால்மாட்டுல எடம் மிஞ்சும். கொண்டாந்து வையி."

"அம்மா, வெஷம்மா அது..."

"வெயிலு ஏறுதுல்ல? நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள அவரும் கெட்டுருவாரு, அந்தப் பொண்ணோடதும் கெட்டுரும். வையிடா."

வைத்தார்கள். செல்லதுரை நன்றாகப் பொருந்தினார். அவர் பாதத்துக்கும் கண்ணாடிக் குழாய்க்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இருந்தது. தேவயானி கால்மாட்டில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சின்னக் கதவு வழியாகக் கையை விட்டு அடுத்த ட்யூபை வைத்தாள். முன்பின் தெரியாத ஒருவரின் கால் விரல்கள் கண்ணெதிரில் இருந்தன. மன்னிச்சிருங்கய்யா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் அவளுக்குப் பெரும்பாடு. காலைத் தொட்டுக் கும்பிட வந்தவர்கள் அவளையும் தாண்டிக் கையை நீட்டினார்கள். ஒவ்வொருவரையும் தலைமாட்டுக்குத் திருப்பி அனுப்பினாள். ஒரு பெரியவர் கும்பிட்டு முடித்து, சொட்டுகிற தண்ணீரைப் பார்த்து, வலது கையைக் குழித்துத் தீர்த்தத்துக்கு நீட்டினார். "அய்யய்யோ தாத்தா, வெஷம்" என்று அந்தக் கையை மடக்கிவிட்டாள். "பெருமாள் கோயில்ல கேட்டாலும் தர மாட்டேங்குறாங்க, இங்கயும் தர மாட்டேங்குறாங்க" என்று அவர் முனகிக்கொண்டே போனார். மோளம் ஓங்கி அடித்தபோதெல்லாம் தாங்கி அதிர்ந்து சொட்டு தப்பியது. மாயவன் போய்ச் சொல்ல, மோளக்காரர்கள் பெரிய மனது பண்ணி அடியைக் குறைத்தார்கள். அதில் ஒருவர் சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டு, ஒரு சொட்டுக்கு ஒரு தட்டு என்று மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார். கேட்க நன்றாகவே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் செல்லதுரையை விட்டுவிட்டு மஞ்சள் பட்டையைப் பார்க்க ஆரம்பித்தது. "பாதிக்கு வந்துருச்சு." "எங்க, அப்பயே அங்கதான் நின்னுச்சு." "இல்லப்பா, ஒரு விரக்கட எறங்கியிருக்கு." டீ கொண்டுவந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி அதையும் பாட்டில் சேர்த்துக்கொண்டாள்:

"மஞ்சப் பட்டுக் கட்டிக்கிட்டு மெல்லமாத்தான் எறங்குதே
மகராசன் காலடியில மாலையாட்டம் தொங்குதே..."

சம்பூர்ணம் தேவயானி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சாப்ட்டியா?" என்று கேட்டார். இல்லையென்று தலையசைத்தாள். சாவு வீட்டில் அடுப்பு எரியாதென்று பக்கத்து வீட்டிலிருந்து வந்த இட்லியில் இரண்டைப் பிட்டு, முகக்கவசத்தை விலக்கி வாயில் ஊட்டினார். அவள் கையில்தான் விஷக் கையுறை இருந்ததே.

"இது ஒடம்புக்குள்ள போனா என்ன பண்ணும்?"

"செல்லக் கொன்னுரும்மா. எப்படிக் கொல்லுதுன்னு தெரிஞ்சிக்கத்தான் படிக்கிறேன். கேன்சர் செல்ல மட்டும் கொல்ல வைக்க முடியுமான்னு பாக்கலாம்."

"கொல்ற சாமானத்தக் காப்பாத்தத்தான் இத்தன பாடா?"

"ஆமாம்மா."

சம்பூர்ணம் அதை ஒத்துக்கொண்ட மாதிரி தலையை ஆட்டி, இன்னொரு வாய் ஊட்டினார்.

மஞ்சள் அடிக்கு நெருங்கிக்கொண்டிருந்தபோது, செல்லதுரையின் தங்கை தனம் ஜெயங்கொண்டத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். தெருமுனையிலேயே அலறல் ஆரம்பித்துவிட்டது. பெட்டி மேல் விழுந்து அழுதார். அழுது ஓய்ந்து நிமிர்ந்தபோது, கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பெண் கண்ணில் பட்டாள். வியர்வை தாங்காமல் தேவயானி அப்போதுதான் முகக்கவசத்தை இறக்கியிருந்தாள். சாம்பிராணிப் புகையில் அவள் கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

"யாரு இது?"

யாரோ ஒரு பெண் ரகசியமாகச் சொன்னாள். "பெரம்பலூர்லேருந்து வந்திருக்கு. பெட்டி கூடவே வந்துச்சு. வந்ததுலேருந்து கால்மாட்ட விட்டு நகரல. அண்ணிதான் இட்லி ஊட்டுனாங்க."

சொன்னதில் பொய் எதுவும் இல்லை. தனம் தேவயானியின் முகத்தையும் கண்ணாடிக்குள்ளிருந்த அண்ணன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அய்யோ! மூக்கப் பாருங்கடி! எங்கண்ணன் மூக்கு! வாராவாரம் பெரம்பலூரு பெரம்பலூருன்னு ஓடுனது இதுக்குத்தானா? இப்படி ஒரு செல்வத்த ஒளிச்சி வச்சிட்டுப் போயிட்டியே ராசா!"

அடுத்த நொடி தேவயானி அந்த அம்மாவின் இரண்டு கைக்குள் இருந்தாள். சரத்குமார் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"நான் என்சைமுக்காக வந்தவங்க!" என்றாள் தேவயானி, மூச்சுத் திணற.

"சைமனா? உன்ன வளத்தவரு பேரா கண்ணு? நல்லாயிருக்கட்டும் அந்த மனுசன்."

குழாயின் நுனியில் முதல் மஞ்சள் சொட்டு திரண்டு தொங்கியது. வைத்திருந்த ட்யூப் ஏற்கனவே விளிம்பு வரைக்கும் நிரம்பியிருந்தது. தேவயானிக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது.

"அத்தே, கைய விடுங்க அத்தே! மஞ்சள் வருது!"

அத்தை என்று வாயில் வந்தது வயதுக்கு மரியாதையாகத்தான். ஆனால் கூட்டம் மொத்தமும் மூச்சை உள்ளே இழுத்தது. தனம், "கூப்ட்டுட்டா! மருமவ என்னைய அத்தேன்னு கூப்ட்டுட்டா!" என்று இன்னும் இறுக்கினார். கடைசியில் மாயவன்தான் பின்னாலிருந்து அந்த அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். தேவயானி பாய்ந்து சின்னக் கதவுக்குள் கையை விட்டாள். சொட்டு விழுவதற்கும் புது ட்யூப் போய் நிற்பதற்கும் சரியாக இருந்தது.

எல்லோரும் சம்பூர்ணத்தைப் பார்த்தார்கள். அந்த அம்மா கணவனின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவரு பெரம்பலூரு போனது பல்லு கட்டிக்க" என்றார். "கட்டி முடிச்சதும், அது நல்லா கடிக்குதான்னு பாக்கப் பரோட்டாக் கடைக்கு. பல்லு டாக்டர் சீட்டெல்லாம் பீரோவுல கெடக்கு. ரெண்டு குடும்பம் நடத்துற சாமர்த்தியம் இந்த மனுசனுக்கு இருந்திருந்தா, உரக்கடைய ஏன் மூடப் போறோம்?"

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீடு என்றும் பாராமல் பத்துப் பேர் கூடச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்த சம்பூர்ணத்தின் முகம் கோணியது. கண்ணாடியில் நெற்றியை வைத்து, அன்றைக்கு முதல்முறையாக அழுதார். தனம் ஓடிப்போய் அண்ணியைக் கட்டிக்கொண்டார். தேவயானி ஒரு கையால் ட்யூபை மாற்றிக்கொண்டே, இன்னொரு முழங்கையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த முறை அது சாம்பிராணிப் புகை இல்லை.

பொழுது சாய்வதற்குள் மஞ்சள் முழுக்க வந்து சேர்ந்தது. சரத்குமார் யாரும் கேட்காமலே தா.பழூர் போய், ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்கி வந்தான். ட்யூபுகளுக்கும் ஐஸுக்கும் நடுவே ஒரு துண்டை மடித்துப் போட்டு, உறையாதபடி அடுக்கினாள். குழாயை வெளியே எடுத்த பிறகு செல்லதுரையின் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். "காலை நீட்டிக்கங்கய்யா" என்றார் மாயவன், பெட்டியைப் பார்த்து.

கல்லூரியில் அதற்குள் ஒரு ஃபிரிட்ஜை ஓட வைத்திருந்தார்கள். மறுநாள் சோதித்துப் பார்த்தாள். என்சைம் உயிரோடு இருந்தது. அந்தத் துறையில் இதுவரை யாரும் அவ்வளவு வீரியத்தோடு எடுத்ததில்லை. டெல்லியிலிருந்து திரும்பிய வேணுகோபால் சார் கணக்கைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கம்மா வச்சு எடுத்தே?"

"தா.பழூர்ல சார். செல்லதுரைங்கறவரோட எடத்துல."

"நல்ல கோல்டு ரூமா?"

"கூலிங் அருமை சார். கூட்டம்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

"நமக்கு அடுத்த தடவையும் குடுப்பாரா கேளு" என்றார் சார்.

கருமாதிக்குச் சம்பூர்ணம் போன் பண்ணி அழைத்திருந்தார். போகாமல் இருக்க மனம் வரவில்லை. பந்தலில் நுழைந்ததும் தனம் ஒரு தாம்பாளத்தில் புடவையும் வளையலும் வைத்து நீட்டினார். "தாய்மாமன் வூட்டு மொறைய உனக்கு யாரு செய்வா? அத்தை நாந்தான் பாத்துக்கணும்" என்றார். தேவயானி தன் அப்பா பேர், தாத்தா பேர், குரும்பலூரில் வெங்காயக் காடு இருக்கிற இடம் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். தனம் கேட்டுக்கொண்டார். "உன்னைய வளத்தவங்கள நீ விட்டுக் குடுக்க மாட்ட. அதுவும் எங்கண்ணன் கொணந்தான்" என்றார்.

அவள் சரத்குமாரைப் பார்த்தாள்.

"வாங்கிக்கங்க அக்கா" என்றான் அவன். "நாங்களும் சொல்லிப் பாத்துட்டோம்."

வாங்கிக்கொண்டாள். மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை போட்ட புடவை. நன்றாகவே இருந்தது. இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாமல் தனத்தின் போன் வருகிறது. சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே என்று வரிசையாகச் சொல்வார். ஆராய்ச்சியில் ஏதாவது சொதப்பினால் தேவயானி அதையும் அவரிடம் சொல்லிவிடுகிறாள். குழாயில் மணிகள் காய்ந்து வெடிப்பு விட்டுவிட்டன, என்சைம் வரவில்லை என்றால், "வரும், எங்க போயிரப் போவுது" என்பார் தனம். அவளுக்கு அது போதுமாக இருக்கிறது.